பழைய ‘ஃபோல்அவுட் 2’, மீட்கப்பட்ட இடங்களோடு: மலையகத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்து விட்டுச்சென்ற, ஏழெட்டு வருடம் உழைத்துக் களைத்த மடிக்கணினிதான் நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறது. இன்றைய பெரிய விளையாட்டுகளை அதில் நிறுவுவதற்கு வன்தட்டிலும் இடமில்லை, மாத டேட்டாவிலும் இடமில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டு பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் உருவாக்கி இன்டர்பிளே வெளியிட்ட ‘ஃபோல்அவுட் 2’, அன்று கேட்டது 90 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் செயலியும் 16 எம்.பி. நினைவகமும் மட்டுமே. தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இரண்டாம் கைக்கு வாங்கிய எந்த மடிக்கணினியும் அதைத் தாங்கும். அந்த விளையாட்டை, அதன் ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த ‘ரெஸ்டோரேஷன் புரொஜெக்ட்’ என்ற மொட்டை, அதாவது விளையாட்டின் கோப்புகளை மாற்றிப் புதியவற்றைச் சேர்க்கும் தொகுப்பை, சேர்த்து விளையாடுவது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன். மொட் எதையும் இதுவரை நிறுவியிராதவரை மனதில் வைத்து எழுதுவதால், பழகியவர்களுக்குச் சில இடங்கள் நீளமாகத் தோன்றக்கூடும்.

விளையாட்டின் கதை சுருக்கமானது. அணுப்போருக்குப் பிந்திய அமெரிக்காவில், 2241ஆம் ஆண்டு, ஆரோயோ என்ற சிற்றூர் வறட்சியால் வாடுகிறது. அந்த ஊரால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவராக நீங்கள் புறப்பட்டு, பாழ்நிலத்தையும் விளைநிலமாக்கும் ‘கெக்’ என்ற பெட்டியைத் தேடுகிறீர்கள். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் காட்சி, முறைவைத்து நடக்கும் சண்டை, பக்கம் பக்கமாக உரையாடல் என்பதே விளையாட்டின் அமைப்பு. பெரும்பாலான உரையாடலுக்குக் குரல் கிடையாது. ஆங்கிலத்தில் வாசித்துத்தான் ஆகவேண்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஆங்கில வாசிப்புப் பயிற்சியாக அமையும் என்று சொல்ல ஆசைதான். ஆயினும் போதைப்பொருள், அடிமை வியாபாரம், விபசாரம், கொலை ஆகிய அனைத்தும் ஒளிவுமறைவின்றி வரும் விளையாட்டு என்பதால், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

அவசரமாக வெளியிடப்பட்டதால், விளையாட்டு ஏராளமான வழுக்களோடு கடைக்கு வந்தது. ஓட்டிச் செல்லும் காரின் பின்பெட்டி காரிலிருந்து பிரிந்து தனியே நிற்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. உத்தியோகபூர்வமான திருத்தம் 1.02 என்ற பதிப்போடு நின்றுவிட்டது. எழுதத் தொடங்கி முடிக்கப்படாத இடங்கள், வெட்டப்பட்ட பணிகள், யாரும் கேட்காத உரையாடல்கள் ஆகியவற்றின் மிச்சங்கள் விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. கில்லாப் என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர் முதலில் வழுக்களைத் திருத்தும் பட்ச் ஒன்றை உருவாக்கினார்; பின்னர் அந்த மிச்சங்களைத் தேடியெடுத்து இணைத்து ரெஸ்டோரேஷன் புரொஜெக்ட்டைச் செய்தார். அவருடைய கடைசிப் பதிப்பு 2.3.3. அதன்பின் பீஜீஃபோர்ஜ் என்ற குழுவினர் அதை எடுத்து, ‘ஆர்.பீ.யூ.’ என்ற சுருக்கப் பெயரில் தொடர்ந்து திருத்தி வருகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது இந்த ஆர்.பீ.யூ.வைத்தான்.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ‘மீட்பு’ என்ற சொல், புதைந்திருந்த சிலையை மண் தட்டி எடுத்ததைப் போன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மை அப்படியல்ல. சில இடங்களுக்கு வரைபடம் இருந்தது, வசனம் இல்லை. சிலவற்றுக்கு வசனம் இருந்தது, முடிவு இல்லை. அந்த இடைவெளிகளை ரசிகர்கள் தங்கள் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் எது என்று தெரிய வேண்டுமானால் பழைய துணியை முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆகவே இந்த விளையாட்டை ஒருமுறையேனும் முடித்தவர்களுக்கே முழு மொட்டையும் பரிந்துரைப்பேன். இதுவரை விளையாடாதவர்களுக்கு, புதிய இடங்கள் எதையும் சேர்க்காமல் வழுக்களை மட்டும் திருத்தும் ‘யூ.பீ.யூ.’ என்ற தனிப் பட்ச்சை அதே குழுவினர் தருகிறார்கள். முதல் சுற்றுக்கு அதுவே போதும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் விளையாடப் போகிறேன் என்று உறுதியாக இருப்பவர் ஆர்.பீ.யூ.வையே போட்டுக்கொள்ளட்டும், தவறில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் தவறு: ஆர்.பீ.யூ.வுக்குள் வழுத்திருத்தங்கள் அனைத்தும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன.

விளையாட்டை வாங்குதல்

நகரத்துக் கடைகளில் நூறு விளையாட்டுகளை ஒரே டிஸ்க்கில் எழுதித் தந்த காலம் ஒன்றிருந்தது. நான் முதன்முதலில் ‘ஃபோல்அவுட் 2’ விளையாடியதும் அப்படி வாங்கிய டிஸ்க்கில்தான். அத்தகைய பிரதிகளில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில கோப்புகளை நீக்கியிருப்பார்கள் என்பதால், மொட் அவற்றின்மேல் சரியாக உட்காராது. சட்டமும் நேர்மையும் ஒருபுறமிருக்க, வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்காகவும் உரிய பிரதியை வாங்கியே தொடங்க வேண்டும்.

ஜீ.ஓ.ஜீ., ஸ்டீம் ஆகிய இரண்டு இணையக் கடைகளிலும் இது விற்பனைக்கு இருக்கிறது. பண்டிகைக்காலத் தள்ளுபடிகளின்போது விலை நன்றாகக் குறையும். இரண்டில் ஜீ.ஓ.ஜீ.யையே நான் தெரிவு செய்வேன். அங்கே வாங்கினால் விளையாட்டின் நிறுவுகோப்பையே தரவிறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு நிறுவுவதற்கோ விளையாடுவதற்கோ இணையம் தேவையில்லை. மழைக்காலத்தில் சிக்னல் ஒரு கோடும் அரைக்கோடுமாக ஆடும் தோட்டங்களில் இது சிறிய வசதியல்ல. வங்கி அட்டையை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடும்படி வங்கியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தள்ளுபடி முடியும் நாளன்று அதைச் செய்ய முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

விளையாட்டும் மொட்டும் சேர்ந்தாலும் ஓர் உயர்தெளிவுத் திரைப்படத்தின் அளவைத் தாண்டாது. உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கெனத் தனி டேட்டா இருந்தால் அதில் தரவிறக்குங்கள். இடையில் அறுந்துபோன தரவிறக்கம் முழுக் கோப்பைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், வந்துசேர்ந்த கோப்பின் அளவையும் தரவிறக்கப் பக்கத்தில் காட்டப்பட்டுள்ள அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

தாய்க் கோப்புறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

விளையாட்டை நிறுவும்போது, விண்டோஸ் தானாகக் காட்டும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே இருக்கும் கோப்புகளை மாற்ற விண்டோஸ் பல நேரங்களில் அனுமதிக்காது. மொட் என்பதோ முழுக்க முழுக்கக் கோப்புகளை மாற்றும் வேலை. ‘சி’ அல்லது ‘டி’ டிரைவில் நேரடியாக ‘கேம்ஸ்’ என்பதுபோல ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். நிறுவியதும் மொட்டைத் தொடாமல் விளையாட்டை ஒருமுறை திறந்து, ஐந்து நிமிடம் நடந்து பார்த்து மூடுங்கள். விளையாட்டே ஓடாத கணினியில் மொட்டைப் போட்டுவிட்டு மொட்டைத் திட்டுவதில் பயனில்லை அல்லவா?

அது ஓடுகிறது என்று உறுதியானதும், அந்த முழுக் கோப்புறையையும் அப்படியே பிரதி செய்து, பிரதிக்கு ‘தாய்’ என்று பெயர் வையுங்கள். தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தாய்ச்செடியிலிருந்து துண்டம் வெட்டித்தான் புதிய கன்றுகளை வளர்க்கிறோம், கன்று பட்டுப்போனால் இன்னொரு துண்டம் வெட்டலாம், தாய்ச்செடியே பட்டுப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. ‘தாய்’ கோப்புறையில் எந்த மொட்டையும் நிறுவாதீர்கள், அதிலிருந்து விளையாடவும் வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலேயே வேலை செய்யுங்கள். வன்தட்டில் ஒரு ஜீ.பி.க்கும் குறைவான இடம் போகும். மற்ற எல்லாத் தவறுகளுக்கும் இதுவே காப்புறுதி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். முதல் தடவை வழுத்திருத்தப் பட்ச் ஒன்றைப் போட்டுப் பாதி விளையாட்டைக் கடந்திருந்தேன். அதன்மேலேயே மீட்பு மொட்டையும் போட்டு, ஏற்கெனவே இருந்த சேமிப்பைத் திறந்து தொடர்ந்தேன். இரண்டு நாள் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருந்தது. மூன்றாம் நாள், பேச வேண்டிய ஒருவர் வாயே திறக்கவில்லை. இன்னொரு நகரத்துக்குள் நுழைந்ததும் விளையாட்டு அணைந்து டெஸ்க்டொப்புக்கு வந்தது. என்னிடம் தாய்ப் பிரதியும் இல்லை, மீண்டும் தரவிறக்க டேட்டாவும் இல்லை. அந்த மாதம் முழுவதும் கரம் ஆடித்தான் பொழுதைக் கழித்தேன்.

மொட்டை நிறுவுதல்

ஆர்.பீ.யூ. விண்டோஸுக்கான ஒரே நிறுவுகோப்பாக வருகிறது. அதை இயக்கினால் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கும். அப்போது ‘தாய்’ கோப்புறையை அல்ல, அதிலிருந்து எடுத்த பிரதியைக் காட்ட வேண்டும். காட்டுவது சரியான கோப்புறைதானா என்பதை அறிய எளிய வழி உண்டு: விளையாட்டின் இயக்குகோப்போடு, ‘மாஸ்டர்’, ‘கிரிட்டர்’ என்று தொடங்கும் இரண்டு பெரிய தரவுக் கோப்புகளும் அதே இடத்தில் இருக்க வேண்டும். விளையாட்டு ஆங்கிலப் பதிப்பாக இருப்பதும் அவசியம்.

இடையில் சில விருப்பத் தெரிவுகள் காட்டப்படும். உங்கள் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, கூட்டாளிகள் அணியும் கவசம் திரையிலும் தெரியும் வசதி ஆகியன அவற்றுள் முக்கியமானவை. கவசம் தெரிவது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் முதல் நிறுவலில் எதையும் கூட்டாமல், நிறுவுகோப்பு தானாகத் தெரிவு செய்திருப்பதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஏதேனும் பிழை வந்தால், எது காரணம் என்று தேட வேண்டிய இடங்கள் குறைவாக இருக்கும்.

வைரஸ் காவல் மென்பொருள் சில கணினிகளில் இங்கே குறுக்கிடும். மொட்டோடு வரும் ‘எஸ்ஃபோல்’ என்ற, விளையாட்டை இயக்கும் நிரலுக்கான திருத்தம், விண்டோஸின் பழைய வரைகலைக் கோப்பு ஒன்றின் பெயரையே தாங்கிக்கொண்டு விளையாட்டுக்குள் நுழைகிறது. அதைச் சந்தேகித்து மென்பொருள் அகற்றிவிடக்கூடும். மொட்டை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே தரவிறக்கினீர்கள் என்றால், அந்தக் கோப்புறைக்கு விதிவிலக்குக் கொடுக்கலாம். வேறெங்கோ கிடைத்த பிரதிக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். லினக்ஸில் வைன் வழியாக இயக்குபவர்கள், அதே கோப்பை விளையாட்டின் கோப்புறையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைனின் அமைப்புகளில் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் விளையாட்டு மட்டும் திறக்கும், மொட் இயங்காது.

நிறுவி முடிந்ததும் விளையாட்டைத் திறந்து, முகப்புத் திரையின் மூலையிலுள்ள பதிப்பு விபரத்தைப் பாருங்கள். அங்கே பழைய 1.02 மட்டும் தெரிந்தால் மொட் ஏறவில்லை என்று பொருள். மொட்டின் பெயரும் எண்ணும் தெரிந்தால், புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். பழைய சேமிப்புகளைக் கொண்டுவந்து போட்டுத் தொடர வேண்டாம். அதன் பலனை மேலே சொல்லிவிட்டேன்.

திரையும் சேமிப்பும்

முதலில் வெளிவந்த விளையாட்டின் திரை 640க்கு 480 புள்ளிகள். நம்மிடமுள்ள பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768. திரையின் முழு அளவையும் கொடுத்துவிட்டால் ஆட்கள் எறும்பளவு சிறுத்துவிடுவார்கள். வரைபடத்தின் ஓரங்களில், காணக்கூடாத கருமையும் தெரியத் தொடங்கும். 1024க்கு 576 என்ற அளவைக் கொடுத்தால் திரையின் அகல உயர விகிதமும் கெடாது, எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். உயர்தெளிவுப் பட்ச்சுக்கென்று தனியே உள்ள அமைப்புச் செயலியில் இந்த எண்களை மாற்றலாம். விளையாட்டைத் திறந்தவுடன் திரை கறுத்துப்போனால், அதே செயலியில் முழுத்திரையை விட்டுச் சாளர முறைக்கு மாற்றிப் பாருங்கள்; அநேகமாக அதிலேயே தீர்ந்துவிடும்.

சேமிப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரை மாதத்திலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், பின்னேரம் இடி முழங்காத நாள் குறைவு. மடிக்கணினியின் பெட்டரி செத்துப்போய் வயரில்தான் ஓடுகிறதென்றால், கரண்ட் போகும் அந்த நொடியில் விளையாட்டும் போகும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே போனால் அந்தச் சேமிப்பும் பழுதாகும். ஆகவே ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சேமிக்காமல், நான்கைந்து இடங்களைச் சுழற்சியாகப் பயன்படுத்துங்கள். விளையாட்டில் பத்து இடங்கள் உண்டு. எஸ்ஃபோலின் அமைப்புக் கோப்பில் கூடுதல் பக்கங்களையும் திறந்துகொள்ளலாம். எஃப் 6 விசை விரைவாகச் சேமிக்கும், எஃப் 7 திறக்கும். ஆனால் எஃப் 6ஐ மட்டும் நம்பியிருப்பது ஒற்றைக் கயிற்றில் தொங்குவதைப் போன்றது. சண்டையின் நடுவிலும் சேமிக்க வேண்டாம், அத்தகைய சேமிப்புகள் பின்னர் திறக்காமல் போவதுண்டு. ஒவ்வொரு புதிய நகரத்துக்குள்ளும் நுழைவதற்கு முன் ஒரு சேமிப்பைத் தனியே ஒதுக்கி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை, ‘டேட்டா’ கோப்புறைக்குள் இருக்கும் சேமிப்புக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவுக்குப் பிரதி செய்யுங்கள். மின்னல் வெட்டத் தொடங்கிவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு எழுந்து போவதே உத்தமம்.

பாத்திரத்தை அமைத்தல்

வலிமை, புலனறிவு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு பண்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஐந்தில் தொடங்கும், பகிர்ந்துகொள்ள மேலும் ஐந்து புள்ளிகள் கிடைக்கும். ‘கிஃப்டட்’ என்ற இயல்பை எடுத்தால் ஏழு பண்புகளும் ஒவ்வொரு புள்ளி உயரும். அதற்கு விலையாகத் திறமைகள் பத்து வீதம் குறையும், ஒவ்வொரு மட்டத்திலும் ஐந்து திறமைப்புள்ளிகள் இழக்கப்படும். இந்த வியாபாரம் நமக்கு இலாபமே.

மீட்கப்பட்ட பணிகளில் பெரும்பாலானவை பேச்சில் தொடங்கிப் பேச்சில் முடிவதால், அடிதடிக்கென்றே அமைத்த பாத்திரம் அவற்றில் பலவற்றைக் காணாமலேயே கடந்துவிடும். நான் வைக்கும் கணக்கு இது: வலிமை 5, புலனறிவு 7, தாங்குதிறன் 4, கவர்ச்சி 6, அறிவு 8, சுறுசுறுப்பு 10, அதிர்ஷ்டம் 7. சுறுசுறுப்பு பத்தாக இருந்தால் சண்டையில் ஒரு முறைக்குப் பத்துச் செயற்புள்ளிகள் கிடைக்கும். அறிவு எட்டாக இருந்தால் ஒவ்வொரு மட்டத்துக்கும் 21 திறமைப்புள்ளி. கிஃப்டட் பறிக்கும் ஐந்தையும் கழித்தால் 16. கவர்ச்சியில் பாதி எண்ணிக்கையில் கூட்டாளிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஆறு என்றால் மூன்று பேர். சிறப்புத் திறமைகளாகச் சிறு துப்பாக்கி, பேச்சு, பூட்டுத் திறத்தல் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிவை நான்குக்குக் கீழே வைத்து விளையாடினால் எல்லோரும் உங்களை வேறு மாதிரியாக நடத்துவார்கள்; கிளமத் ஊரின் டோர் என்பவனோடு அப்படிப்பட்ட பாத்திரம் நடத்தும் உரையாடல், இந்த விளையாட்டின் மிகச் சிறந்த நகைச்சுவைகளில் ஒன்று. ஆனால் அதை இன்னொரு சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, எதைத் தேடுவது

முதலில் வரும் சோதனைக் கோயிலைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். இறுதியில் காத்திருப்பவரை அடித்துத்தான் வெல்ல வேண்டும் என்பதில்லை. பேச்சில் வல்லவர் பேசியே வெளியே வரலாம். அங்கிருந்து கிளமத், டென், மோடொக், வோல்ட் சிட்டி என்ற வரிசையே பாதுகாப்பானது. தெற்கே நேராக இறங்கி நவாரோவில் உயர்தரக் கவசத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடும் தந்திரம் பலருக்கும் தெரியும். மொட்டை அனுபவிக்க வந்தவர் அதைச் செய்தால், பின்னர் வரும் சண்டைகள் எல்லாம் உப்பில்லாச் சாப்பாடாகிவிடும். விளையாட்டுக்குப் பதின்மூன்று ஆண்டு காலவரம்பு உண்டென்றாலும் அது மிகத் தாராளமானது, அவசரப்படத் தேவையில்லை.

மீட்கப்பட்டவற்றுள் முதலில் எதிர்ப்படக்கூடியவன் காகா. உங்களுக்கு முன் அந்தக் கோயில் சோதனையில் தோற்று ஊரைவிட்டு விலக்கப்பட்டவன். வழியில் மீண்டும் மீண்டும் வந்து மோதுவான். கிளமத்தில் கடனுக்காக வேலை செய்துகொண்டிருக்கும் சூலிக்கை 350 டொலர் கொடுத்து மீட்டுக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். காணாமற்போன தங்கையைத் தேடுவதாக அவன் சொல்வது மூல விளையாட்டில் வெறும் பேச்சாகவே நின்றுவிடும். மொட்டில் அது அடிமை வியாபாரிகளின் முகாம்வரை நீளும் பணியாகியிருக்கிறது. நான் மொட்டை நிறுவச் சொல்வதற்கு இந்த ஒரு பணியே போதுமான காரணம்.

டென் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதி சேர்ந்திருக்கிறது. அந்நகரத்துச் சிறுவர்கள் கடை வாசலில் நின்று உங்கள் சட்டைப்பையைத் துழாவுவார்கள் என்பதால், பெறுமதியான பொருட்களைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு நடமாடுங்கள். ஐரோப்பியப் பதிப்புகளில் வன்முறை விதிகளுக்காகச் சிறுவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள்; ஆனால் களவு நிற்கவில்லை, கள்ளன்தான் தெரியவில்லை. மொட் அவர்களை மறுபடி கண்ணுக்குத் தெரிய வைக்கிறது.

போருக்கு முந்திய அறிவை, பொருள் புரியாமலே பக்தியோடு காத்துவரும் துறவிகளின் மடம் இன்னொரு மீட்பு. அளவில் சிறியது, ஆனால் மூல விளையாட்டின் குரலோடு ஒத்துப்போகிறது. சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் கைவிடப்பட்ட கட்டடமான ஈ.பீ.ஏ.வைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். இடம் பெரியது, புதிர்களும் உண்டு. ஆயினும் நகைச்சுவை அளவுமீறி, கதையின் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. இரண்டுக்கும் கார் கைக்கு வந்தபின் போவது நல்லது. காரை டென்னில் வாங்கலாம்; ஓடச்செய்வதற்கான உதிரிப்பாகத்தை மட்டும் கெக்கோ என்ற ஊரின் பக்கம் போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

வோல்ட் சிட்டியில் சற்றுத் தங்கிச் செல்லுங்கள். பிரஜைகள், பணியாட்கள், வெளியாட்கள் என்று மனிதரைப் பிரித்து வைத்திருக்கும் நகரம் அது. வெளியாள் வெளிமுற்றத்தோடு நிற்க வேண்டும். உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும். பிரஜையாவதற்கு ஒரு பரீட்சை உண்டு, அதில் சித்தியடைய ஏறத்தாழ யாராலும் முடியாது. போலிப் பத்திரம் விற்பவனும் முற்றத்தில் காத்திருக்கிறான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை மீதிப் பேருக்குத் தீர்வு காத்துக்கிடந்த ஒரு சமூகத்திலிருந்து வரும் நாம், அந்த முற்றத்தில் நிற்கும்போது உரையாடல்களைத் தட்டிவிட்டுப் போக முடிவதில்லை. என் பாட்டியின் பழைய தகரப்பெட்டியில் இருந்த பத்திரங்களே எனக்கு நினைவுக்கு வந்தன. கெக்கோவின் அணு உலையிலிருந்து நிலத்தடி நீருக்குள் கசியும் நஞ்சை நிறுத்தும் பணி இந்நகரத்தோடு பிணைந்தது. அந்த உலையை உடைத்து முடிக்காமல் திருத்தி முடிப்பதே இரண்டு ஊருக்கும் நல்லது. அருகே மொட் சேர்த்திருக்கும் சிறு கிராமத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

பிழைகள் வந்தால்

உரையாடலில் வசனத்துக்குப் பதிலாக ‘எரர்’ என்ற சொல் வந்தால் உரைக் கோப்புகள் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆங்கிலமல்லாத பதிப்பின்மேலோ, வேறொரு மொட்டின்மேலோ நிறுவியிருப்பீர்கள். குறிப்பிட்ட ஒரே இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் விளையாட்டு அணைந்தால், அதற்கு முந்திய சேமிப்பிலிருந்து வேறு வாசல் வழியாக நுழைந்து பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் நிறுவல் அரைகுறையாக நடந்திருக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு கோப்பாகத் தோண்டிக்கொண்டிராமல், சேமிப்புக் கோப்புறையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, விளையாடிய பிரதியை அழித்து, தாயிலிருந்து புதிய பிரதி எடுத்து, முன்பு நிறுவிய அதே பதிப்பு மொட்டை அதே தெரிவுகளோடு மீண்டும் நிறுவி, சேமிப்புகளைத் திரும்ப உள்ளே வையுங்கள். பதிப்பு மாறினால் சேமிப்புகளும் பொருந்தாமற்போகலாம் என்பதால், பாதி விளையாட்டில் இருக்கும்போது புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாலும் தரவிறக்க வேண்டாம். அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு, என்னென்ன தெரிவுகள் என்பதை நிறுவும் அன்றே ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் இந்த வேலை அரைமணி நேரத்தில் முடியும்.

பக்கத்து லயத்து நண்பர் கேட்டால் மொட்டின் நிறுவுகோப்பைப் பென் டிரைவில் தாராளமாகக் கொடுக்கலாம், அது இலவசம். விளையாட்டை அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போது கொப்பியில் எழுதிய அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலாவது கறுப்புத் திரை வந்த இரவே உங்கள் கைப்பேசி அலறும்.